ஒயின் ருசிப்பதும், அதை மாற்றிக்கொண்டிருக்கும் வெயிலும்

ஒயினை ரசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி, பருவநிலை மாற்றத்தால் அதன் ருசியே மாறிவருகிறது என்கிறார்களே அது சாதாரணமாகக் குடிப்பவருக்குப் பிடிபடுமா, தயாரிப்பாளர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒயினில் புளிப்பைக் கவனிக்கப் பழகியவருக்கு ருசிபார்ப்பில் பாதி கைவந்துவிடும். வெயில் கூடுவதால் நடப்பதில் பெரும்பகுதியும் அந்தப் புளிப்பு வழியாகவே புரிந்துவிடும்.

புதிதாக ருசிபார்க்க வருபவர்களை எடுத்த எடுப்பிலேயே, இதில் பிளாக்கரண்ட் வாசம் வருகிறதா, சீடர் மரம் தெரிகிறதா என்று கேட்டு மிரட்டிவிடுகிறார்கள். பிளாக்கரண்ட் பழத்தை நம்மில் பெரும்பாலானோர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வாசனைகளுக்குப் பெயர் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாக்கும் ஈறும் தொண்டையும் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஒரு மிடறு எடுத்து, ஐந்தாறு விநாடி வாய்க்குள் எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி, விழுங்குங்கள், அல்லது துப்பிவிடுங்கள். தொழில்முறை ருசிபார்ப்பில் துப்புவதுதான் வழக்கம், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. பிறகு வாயை மூடித் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள். நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறி முன்னுக்கு வரும். எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு நேரம் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் புளிப்பின் அளவு. அடுத்து நாக்கால் மேல் ஈறைத் தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போகாமல் சொரசொரவென்று இழுத்தால் அது துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் செய்யும் வேலை. கடைசியாக வாய் வழியே மெல்ல மூச்சு விடுங்கள். தொண்டையிலும் நெஞ்சின் மேல்பகுதியிலும் ஒரு சூடு இறங்கினால் அது ஆல்கஹால். இந்த மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றால் நல்ல ஒயின். விலையும் லேபிளும் அப்புறம்.

புளிப்பில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. திராட்சையில் உள்ள முக்கியமான இரண்டு அமிலங்களில் ஒன்று டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். பழங்களில் அதை அதிகமாகக் கொண்டவை மிகச் சில. அவற்றில் திராட்சையும் புளியும் முக்கியமானவை. இன்னொன்று மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளைக் கடித்ததும் பல் கூசுகிறதே, அது. பெரும்பாலான சிவப்பு ஒயின்களிலும் சில வெள்ளை ஒயின்களிலும் நொதித்தல் முடிந்த பிறகு பாக்டீரியாக்கள் இந்த மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரில் இருக்கும் மென்மையான புளிப்பாக மாற்றிவிடும். ஆக, ஒயினில் இருக்கும் புளிப்புகள் எதுவும் நம் நாக்குக்குப் புதிதல்ல. தினமும் ரசத்தில் புளி கூடியதா குறைந்ததா என்று சொல்பவர்கள் நாம். அந்தத் திறமையை ஒயினுக்கும் பயன்படுத்தினால் போதும்.

சரி, வெயில் இதில் எங்கே வருகிறது? பழம் கொடியில் முற்றும்போது சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கு எரித்துக்கொள்ளும். வெப்பம் கூடக்கூட வேகமாக எரிக்கும். இரவும் குளிராமல் போனால் விடிய விடிய எரித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் சர்க்கரை. திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒயினில் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். சர்க்கரை கூடினால் ஆல்கஹாலும் கூடும். வெப்பமான ஆண்டின் ஒயினில் புளிப்பு தளர்ந்து, ஆல்கஹால் தடித்து நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் தோட்டக்காரரைத் தூங்கவிடாத சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சர்க்கரை முற்றுவதும், தோலின் துவர்ப்பும் விதையும் வாசனைப் பொருட்களும் முற்றுவதும் இரண்டு தனித்தனிக் கணக்குகள். மிதமான ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். கொதிக்கும் ஆண்டில் சர்க்கரை ஓடிவந்துவிடும், தோலும் விதையும் பின்தங்கிவிடும். சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று பறித்தால் துவர்ப்பு பச்சையாகக் கசக்கும். துவர்ப்பு கனியட்டும் என்று காத்திருந்தால் ஆல்கஹால் 14.5, 15 என்று போய்விடும், புளிப்பும் கைவிட்டுப் போகும். இன்று ஒயின் தயாரிப்பாளர்கள் செய்யும் பெரும்பாலான மாற்றங்கள் இந்த இரண்டு கணக்குகளையும் மறுபடி ஒன்றாகக் கொண்டுவரும் முயற்சிகள்தான்.

வெப்பம் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்பதற்குத் திராட்சைத் தோட்டங்களே பழைய பதிவேடு வைத்திருக்கின்றன. பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் போன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே திராட்சை அறுவடை எந்தத் தேதியில் தொடங்கியது என்ற விவரம் 1354ஆம் ஆண்டிலிருந்து தொகுக்கப்பட்டிருக்கிறது. 1354 முதல் 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28ஆம் தேதி வாக்கில் பறித்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அந்தச் சராசரி 13 நாட்கள் முன்னுக்கு வந்துவிட்டது. அந்த அறுநூறு ஆண்டுப் பதிவில் இப்படி ஒரு நகர்வு வேறு எந்தக் காலத்திலும் இல்லை. நகர்வதில் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். செப்டம்பர் கடைசியில் பகல் வெயில் தணிந்து, இரவு குளிர்ந்து, பழம் நிதானமாகக் கனியும். அந்தக் கடைசி வாரங்கள் ஆகஸ்ட் வெயிலுக்குள் போய்விட்டால் அந்த நிதானம் போய்விடும்.

இதே பிரான்ஸில் ஒரு காலத்தில் பிரச்சினை நேர் எதிராக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திராட்சை போதுமான அளவு இனிக்காததால் சாற்றில் சர்க்கரை சேர்த்து நொதிக்க விடுவார்கள். நெப்போலியன் காலத்தில் அமைச்சராக இருந்த வேதியியலாளர் ஷான்-ஆந்த்வான் ஷாப்தால் இந்த முறையை எழுதிப் பரப்பியதால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தென்மேற்குப் பிரான்ஸின் ஒயின் வட்டாரமான போர்தோவிலும் பர்கண்டியிலும் இருபதாம் நூற்றாண்டு முழுக்க இது சகஜம். அப்படிச் சர்க்கரை சேர்த்தும் 1980களின் போர்தோ சிவப்பு ஒயின் 12, 12.5 சதவீதத்தில்தான் நின்றது. இன்று சர்க்கரை மூட்டையைத் தொடாமலே 14ஐத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

வெப்பத்தால் எல்லோருக்கும் நஷ்டம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. பழம் கனியாமல் தவித்த ஜெர்மனியின் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைத் தோட்டங்களுக்கும், பர்கண்டியின் உயரமான, குளிர்ந்த கிராமங்களுக்கும் கடந்த முப்பது ஆண்டுகள் நல்ல காலம். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஷாம்பெயின் வட்டாரத்தைப் போன்ற சுண்ணாம்பு மண் எப்போதும் இருந்தது, வெப்பம்தான் போதவில்லை. இப்போது அதுவும் வந்துவிட்டதால் அங்கே அருமையான நுரை ஒயின் தயாராகிறது. ஷாம்பெயின் நிறுவனமான டெட்டாங்ஜே கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கி டொமைன் எவ்ரெமோன் என்ற பெயரில் தோட்டமே போட்டுவிட்டது. அதே சமயம் ஜெர்மனியில் ஐஸ்வைன் என்று ஒன்று உண்டு. கொடியிலேயே பழம் உறைந்து போன பிறகு, வெப்பநிலை மைனஸ் 7 டிகிரிக்குக் கீழ் இறங்கினால்தான் அதைப் பறிக்க முடியும். 2019 அறுவடைக்கு அந்த நாட்டின் 13 ஒயின் வட்டாரங்களில் ஒன்றில்கூட அந்தக் குளிர் வரவில்லை. அந்த ஆண்டுக்கு ஐஸ்வைனே இல்லாமல் போனது.

வாசனைக்கு இப்போது வரலாம், ஏனென்றால் அங்கேயும் வெயில் கை வைத்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை மென்றிருப்பீர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அது, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அதில் வரும் பூவாசம்தான் உலகம் முழுக்க மஸ்கட் குடும்ப ஒயின்களில் வருகிறது. பழத்திலேயே இருக்கும் வாசம் ஒயினுக்குள் அப்படியே இறங்குவதற்கு அது நல்ல உதாரணம். இப்படி இறங்கும் வாசனைகளில் சில, வெப்பத்துக்கு மிகவும் நுணுக்கமாக அசைபவை. போர்தோவின் முக்கியச் சிவப்புத் திராட்சைகளில் ஒன்றான கேபர்னே சாவிஞானின் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசம் தரும் ஒரு சேர்மம் இருக்கிறது; வெயிலும் வெப்பமும் பட்டால் அது கரைந்துபோகும். பழைய போர்தோ ஒயின்களில் அது ஒரு மெல்லிய இலைவாசமாக எப்போதும் இருக்கும். இன்றைய பாட்டில்களில் அரிதாகத்தான் கிடைக்கிறது. பலர் அதை ஒரு குறையாகவே பார்த்தார்கள். எனக்கு அந்த இலைவாசம் இல்லாத போர்தோ, யாருடைய முகமோ போலத்தான் இருக்கிறது.

சிரா வகை ஒயினில் மிளகு வாசம் வரும். உவமைக்காகச் சொல்வதில்லை, மிளகுக்கு அதன் வாசத்தைத் தரும் ரோட்டன்டோன் என்ற அதே பொருள்தான் அங்கேயும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அதை அடையாளம் கண்டார்கள். குளிர்ந்த சரிவுகளிலும் குளிர்ந்த ஆண்டுகளிலும் அது அதிகம் சேரும், வெப்பத்தில் குறையும். ரீஸ்லிங்கில் நடப்பது எதிர்மாறு. அதில் சில ஆண்டுகள் கழித்து மண்ணெண்ணெயை நினைவுபடுத்தும் ஒரு வாசம் எழும். கொஞ்சமாக இருந்தால் ரசிகர்கள் அதைத் தேடிக் குடிப்பார்கள். பழக்கொத்தில் நேரடி வெயில் அதிகம் பட்டால் அந்த வாசம் சீக்கிரமே, தூக்கலாகவே வந்துவிடும். ஆகவே இந்த மூன்று வாசனைகளையும் பழகிவைத்துக்கொண்டால், லேபிளைப் பார்க்காமலே அந்தத் தோட்டம் எவ்வளவு காய்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வெப்பம் கூடுகிறதென்றால் உறைபனித் தொல்லை குறைய வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது அப்படி இல்லை. குளிர்காலத்தின் கடைசியில் வெப்பம் வந்துவிட்டால் கொடி ஏமாந்து சீக்கிரமே துளிர்த்துவிடும். பிறகு ஏப்ரலில் வழக்கமான உறைபனி வரும்போது வெளியே இருப்பது பிஞ்சுத் துளிர். 2021 மார்ச் கடைசியில் பிரான்ஸ் கோடைபோலக் காய்ந்தது. ஏப்ரல் முதல் பாதியில் அடுத்தடுத்த இரவுகளில் உறைபனி விழுந்து, பர்கண்டியின் வடக்கில் இருக்கும் ஷாப்ளி முதல் தெற்கு ரோன் பள்ளத்தாக்கு வரை துளிர்கள் கருகின. அந்த உறைபனியும் அதன் பின் வந்த பூஞ்சை நோயும் சேர்ந்து, அந்த ஆண்டு பிரான்ஸின் ஒயின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது.

அப்படிப்பட்ட இரவில் ஷாப்ளியில் இரண்டு விதமாகப் போராடுவார்கள். ஒன்று, ஹெக்டேருக்கு 300, 400 என்று மெழுகு டப்பாக்களை வரிசைகளுக்கு நடுவே வைத்துக் கொளுத்துவது. இருட்டில் சரிவு முழுக்கச் சுடர்கள் தெரியும், புகைப்படங்களில் அழகாகவும் இருக்கும். செலவு பயங்கரம். இன்னொன்று, தண்ணீரைத் தெளிப்பது. உறைபனிக்கு எதிராகத் தண்ணீரா என்று கேட்கத் தோன்றும். வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போதே தெளிப்பான்கள் ஓடத் தொடங்கும். நீர் துளிரின் மேல் விழுந்து உறையும், உறையும்போது தன்னிடமிருக்கும் கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். அடுத்த துளி விழும், அதுவும் உறையும், அதுவும் வெப்பம் விடும். விடியும்போது ஒவ்வொரு துளிரும் கண்ணாடி மணிக்குள் சிக்கியதுபோல் பனிக்கட்டிக்குள் இருக்கும். வெளியே மைனஸ் 4, 5 என்று இருந்தாலும் உள்ளே பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதால் துளிர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை: காலை வெயில் ஏறும்வரை பம்ப் நிற்கவே கூடாது. நடுவில் நின்றால் ஒன்றும் செய்யாமல் விட்டிருப்பதைவிட மோசமாகிவிடும்.

கோடையில் செய்யும் வேலைகள் இவ்வளவு பரபரப்பாக இருக்காது. ஆனால் ஒயினின் ருசியைக் காப்பாற்றுவதில் இவைதான் முக்கியம் என்பது என் கருத்து. ஒரு தலைமுறைக்கு முன் வரை, பழக்கொத்தைச் சுற்றி இலைகளைக் கிள்ளிவிட்டு வெயில் படவைப்பதுதான் நல்ல தோட்டக்காரருக்கு அடையாளம். இப்போது கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ளுகிறார்கள். காலை இளவெயில் படட்டும், பிற்பகல் வெயிலுக்கு இலைகளே குடையாக நிற்கட்டும் என்பது கணக்கு. குளிர்காலக் கவாத்தை முடிந்தவரை தள்ளிப்போட்டால் கொடி துளிர்ப்பதும் சில நாட்கள் தள்ளிப்போகும், உறைபனியிலிருந்தும் தப்பிக்கலாம். கொடியின் உச்சியைக் கொஞ்சம் தாழ்வாக வெட்டிவிட்டால் சர்க்கரை செய்யும் இலைகள் குறைந்து இனிப்பு நிதானமாக ஏறும். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து இலைமேல் தெளிக்கிறார்கள், வெயிலைத் திருப்பிவிட. வரிசைகளுக்கு நடுவே உழுது வெறுமையாக விடாமல் புல்லும் பயறும் வளர விடுகிறார்கள். அறுவடையை விடியலுக்கு முன்பே முடித்து, குளிர்ந்த பழத்தை ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இவற்றுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 2019 ஜூன் 28 அன்று தெற்கு பிரான்ஸின் வெராக் என்ற ஊரில் 46 டிகிரி பதிவானது. அந்த நாட்டில் அதுவரை பதிவானதில் அதுதான் உச்சம். சுற்றியுள்ள எரோ, கார் மாவட்டங்களில் இலைகளும் பிஞ்சுக் கொத்துகளும் ஒரே பிற்பகலில் தீய்ந்து பழுப்பாகிவிட்டன. அந்த மாதிரி நாளில் எந்தக் கவாத்தும் கைகொடுக்காது.

அதனால்தான் பேச்சு கடைசியில் எந்த வகைத் திராட்சை என்ற கேள்விக்கு வருகிறது. போர்தோவின் சிவப்புத் திராட்சையில் பாதிக்கு மேல் மெர்லோ. அது சீக்கிரம் கனியும் வகை. பழைய குளிர்ந்த போர்தோவுக்கு அது வரமாக இருந்தது. இன்று அதே குணம் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டது, ஆகஸ்டிலேயே சர்க்கரை ஏறி நிற்கிறது. இதை முன்கூட்டியே உணர்ந்து, 2009இல் அங்கிருக்கும் வேளாண் ஆய்வு நிறுவனம் 52 வகைகளை ஒரே நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நட்டு ஒப்பிடத் தொடங்கியது. 2021இல் போர்தோ, போர்தோ சுபேரியர் என்ற வட்டாரப் பெயர்களில் விற்கும் ஒயின்களுக்கு ஆறு புதிய வகைகளைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. சிவப்பில் அரினார்னோவா, காஸ்டெட்ஸ், மார்செலான், போர்ச்சுகலின் டூரிகா நசியோனல். வெள்ளையில் அல்வாரின்யோ, லிலியோரிலா. இவற்றில் காஸ்டெட்ஸ், அந்த வட்டாரமே மறந்துவிட்ட அதன் சொந்தப் பழைய வகை.

ஆனால் ஒரு தோட்டம் தன் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் இவற்றை நடக் கூடாது, கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பழமையைக் கட்டிக்காக்கும் பிரான்ஸில் இதுவே பெரிய மாற்றம் என்கிறார்கள். எனக்கு இது போதாது என்றே படுகிறது. ஒரு கொடி நட்டால் ஒழுங்கான ஒயின் தர ஏழெட்டு ஆண்டுகள், தன் முழு குணத்தைக் காட்ட இருபது ஆண்டுகள் ஆகும். இன்று 5 சதவீதத்தில் ஆரம்பித்தால் 2045இல்தான் கொஞ்சம் தெரியவரும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 11 வகைகளை வைத்துக் கணக்குப் போட்டது. உலக வெப்பம் 2 டிகிரி கூடினால், இன்று ஒயின் திராட்சைக்கு ஏற்றதாக இருக்கும் நிலத்தில் 56 சதவீதம் கைவிட்டுப்போகும். அந்தந்த இடத்துக்கேற்ப வகைகளை மாற்றி நட்டால் அந்த இழப்பு 24 சதவீதமாகக் குறையும். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒயின் திராட்சை வகைகள் இருக்கும்போது, கடை அலமாரியில் பத்துப் பன்னிரண்டு பெயர்களே திரும்பத் திரும்பத் தெரிவதில் குடிப்பவர்களான நமக்கும் பங்கு இருக்கிறது. தெரிந்த பெயரைத் தாண்டி வாங்க நாம் தயங்குகிறோம், அவர்களும் தெரிந்ததையே நடுகிறார்கள்.

ஸ்பெயினின் டோரஸ் குடும்பம் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 1980களிலேயே கட்டலோனியாவின் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, பெயர் தெரியாத பழைய கொடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் என்று விவசாயிகளைக் கேட்டார்கள். அப்படி 50க்கும் மேற்பட்ட வகைகளை மீட்டெடுத்தார்கள். மறைந்துபோன உள்ளூர் வகைகளைக் காக்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். சோதித்துப் பார்த்தபோது சில வகைகள் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கி, தாமதமாகக் கனிந்து, புளிப்பையும் விடாமல் வைத்திருந்தன. ஃபொர்காடா என்ற வெள்ளை வகை அவற்றில் ஒன்று. கூடவே பிரெனீஸ் மலையடிவாரத்தில் ட்ரெம்ப் பகுதியில், சுமார் 950 மீட்டர் உயரத்தில் தோட்டம் போட்டார்கள். இப்படி மேட்டுக்குப் போக எல்லோராலும் முடியாது. அங்கே மண் போதாமல் இருக்கலாம், காட்டை அழிக்க வேண்டிவரலாம்.

சட்டத்தின் இறுக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்குச் சமீபத்திய நிகழ்ச்சி ஒன்று. போர்தோவின் பொமெரோல் பகுதியில் உலகப் புகழ் பெற்ற சிறிய தோட்டம் ஷாட்டோ லாஃப்ளூர். பொமெரோல் என்ற பெயர் லேபிளில் இருந்தாலே ஒயினுக்குத் தனி விலை. 2025 ஆகஸ்டில் அந்தத் தோட்டத்தின் குடும்பம், இனி பொமெரோல், போர்தோ என்ற வட்டாரப் பெயர்களே வேண்டாம், பிரான்ஸ் ஒயின் என்ற பொதுப்பெயரில் விற்றுக்கொள்கிறோம் என்று அறிவித்தது. தட்பவெப்பம் மாறும் வேகத்துக்கு வட்டார விதிகள் ஈடுகொடுக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். பிரான்ஸின் பெயர்பெற்ற வட்டாரங்களில் தண்ணீர் பாய்ச்சுவதற்குக்கூடக் கடும் கட்டுப்பாடு உண்டு. சந்தையில் எளிதில் விலைபோகும் பெயர் உள்ளவர்கள் வெளியேறிவிடலாம். பாட்டிலை ஐந்து யூரோவுக்கு விற்கும் பக்கத்து விவசாயிக்கு அந்த வழி இல்லை. விதிகளை எழுதுபவர்கள் அவரை நினைத்துத்தான் எழுத வேண்டும்.

ஆலைக்குள்ளும் சரிக்கட்டும் வேலைகள் நடக்கின்றன. புளிப்பு குறைந்த சாற்றில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் சர்வசாதாரணம், தெற்கு ஐரோப்பாவிலும் அனுமதி உண்டு. நுண்சவ்வு வழியே வடிகட்டி ஆல்கஹாலைக் குறைக்கிறார்கள். நொதிக்கும்போதே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் ஈஸ்ட் வகைகளைச் சேர்க்கிறார்கள். இவை தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்த்த புளிப்பு பல நேரங்களில் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். மேலே சொன்ன எச்சில் சோதனையில் அதைப் பிடித்துவிடலாம்: சட்டென்று கூர்மையாக வந்து, சட்டென்று அறுந்துவிடும். பழத்தோடு வந்த புளிப்பு நீண்டுகொண்டே போகும்.

எந்தச் சரிக்கட்டலுக்கும் பிடிகொடுக்காதது காட்டுத்தீயின் புகை. புகையில் இருக்கும் குவாயகால் போன்ற சேர்மங்கள் பழத்தின் தோல் வழியே உள்ளே போய்ச் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும்வரை அதற்கு வாசம் கிடையாது. பழத்தைத் தின்று பார்த்தாலும் தெரியாது. நொதிக்கும்போது ஒரு பகுதி விடுபடும். மிச்சம் பாட்டிலுக்குள் மறைந்திருந்து, குடிப்பவரின் எச்சில் பட்டதும் வாய்க்குள்ளேயே விடுபடும். மோந்து பார்க்கும்போது நன்றாக இருந்த ஒயின், விழுங்கியதும் அணைத்த சாம்பலைப்போல் கசக்கும். 2020இல் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் தீ பரவியபோது, பல தோட்டங்கள் அந்த ஆண்டுக்குச் சிவப்பு ஒயினே தயாரிப்பதில்லை என்று முடிவெடுத்தன. ஓராண்டு வருமானத்தை மண்ணில் விடும் அந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வெப்பத்தோடு வாழப் பழையவர்கள் கண்டுபிடித்த வழிகளும் இருக்கின்றன. கிரீஸின் சான்டோரினித் தீவில் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் தரையிலேயே வட்டமாகச் சுற்றிக் கூடையாகப் பின்னிவிடுவார்கள்; பழம் அந்தக் கூடைக்குள் காற்றுக்கும் வெயிலுக்கும் தப்பித் தொங்கும். அங்கே விளையும் அசிர்டிகோ வகை எவ்வளவு வெயிலிலும் புளிப்பை விடாது. ஆனாலும் கடந்த சில ஆண்டு வறட்சியில் அங்கேயே விளைச்சல் படுமோசமாகச் சரிந்திருக்கிறது. நம் பக்கம் நாசிக்கில் வேறு வழி. அங்கே குளிர்காலத்தில் கொடி தூங்காது. ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, மழை முடிந்த பிறகு காய்க்க வைத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறித்துவிடுவார்கள். இருப்பதில் குளிர்ந்த மாதங்களுக்கு அறுவடையை இழுத்துக்கொண்டு போகும் உத்தி இது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பகுதியிலும் இரட்டைக் கவாத்து மூலம் அறுவடையை வறண்ட குளிர்காலத்துக்கு மாற்றி நல்ல ஒயின் செய்கிறார்கள்.

இதையெல்லாம் உங்கள் நாக்கிலேயே சரிபார்க்க விரும்பினால் நிறையச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரே வகைத் திராட்சையில், ஒன்று குளிர்ந்த வட்டாரம், ஒன்று வெப்பமான வட்டாரம் என இரண்டு பாட்டில்களை நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து வாங்குங்கள். வடக்கு ரோன் சிராவும் ஆஸ்திரேலியாவின் பரோஸா ஷிராஸும் நல்ல ஜோடி. பெயர்தான் இரண்டு, திராட்சை ஒன்றே. வெள்ளையில் என்றால் ஷர்தனே திராட்சையில் செய்யும் ஷாப்ளியும் கலிஃபோர்னியா ஷர்தனேவும். திறப்பதற்கு முன் லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று ஒன்றரை சதவீதம் வித்தியாசம் இருக்கும். பிறகு பாட்டில்களைத் துணியால் மூடிவிட்டு, எச்சில், ஈறு, தொண்டை என்று அதே வரிசையில் ருசியுங்கள். மிளகைக் கடைசியில் தேடுங்கள்.

வெப்பநிலையில் மட்டும் கவனம் வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று புத்தகங்களில் இருப்பது ஐரோப்பியக் கல்வீடுகளின் அறை. 16 முதல் 18 டிகிரி. சென்னையில் மே மாதத்து அறை 32 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் முட்டும், புளிப்பு மழுங்கிவிடும், இரண்டு பாட்டிலுமே ஒரேமாதிரி தெரியும். சிவப்பை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையை இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள். ரொம்பவும் குளிர்ந்தால் வாசம் எழாது.